துணைநடை

என் தொடையில் சதை பிடிக்க வேண்டும் என்பதற்காக என் மனைவி ஹேமலதா தினமும் விடிந்ததும் காவிரிப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தாள். நான் உறையூர் வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருப்பேன். இதைத் தெருவில் யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்ப்பதில் தப்பில்லை. சிகிச்சையே அப்படிப்பட்டதுதான்.

எனக்குக் கல்லீரல் கெட்டது சர்க்கரையாலும் கொழுப்பாலும். ஒரு சொட்டு குடித்தவனில்லை. ஆனால் கல்லீரல் என்று காதில் விழுந்ததுமே ஊர் ஒரே முடிவுக்குத்தான் வரும். வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாம், “இனிமேலாவது அதை விட்டுடுங்க குணசீலன்” என்று புத்தி சொல்லிவிட்டு, ஹேமா போட்ட காபியையும் குடித்துவிட்டுப் போனார்கள். அவள்தான் வாசல்வரை கூடவே போய் ஒவ்வொருத்தரிடமும் சண்டை போடுவாள். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராகக் கம்பம் கம்பமாக ஏறி இறங்கிய எனக்கு அப்போது சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

மாற்றுக் கல்லீரலுக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். ஐப்பசி மழையில் ஒருநாள் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. யாரோ ஒருவருக்கு விபத்து, மூளைச்சாவு, வீட்டார் சம்மதித்துவிட்டார்கள், உடனே வாருங்கள் என்றார்கள். யார், எந்த ஊர், ஆணா பெண்ணா எதையும் சொல்ல மாட்டார்கள். சட்டம் அப்படி. வார்டில் இருந்த ஒரு நர்ஸ் மட்டும் வாய்தவறி, “சின்ன வயசுங்க” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹேமா அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. பயத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த கல்லீரல் ராஜா மாதிரி வேலை செய்தது. மஞ்சள் போயிற்று, வயிற்றில் தேங்கிய நீர் போயிற்று. போகாதது ஒன்றுதான். பழைய கல்லீரல் கெட்டுக்கொண்டிருந்த காலத்தில் என் உடம்பு தன் சதையையே தின்று பிழைத்திருக்கிறது. ஆபரேஷனுக்கு அப்புறம் படுக்கையும் மாத்திரையுமாக மிச்சத்தையும் முடித்துவிட்டன. வேட்டிக்குள் இரண்டு மூங்கில் குச்சிகள்தான் இருந்தன. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். வீட்டில் வேறு எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பத்தியத்தில் போட்டுவிட்டார்கள். கஞ்சி, ரசம், இட்லி, படுக்கை. அசையவே விடவில்லை.

டாக்டர் ஷமீமாவிடம் இதைச் சொன்னபோது தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

“கஞ்சியா? சார், உங்களுக்கு முட்டை வேணும், பருப்பு வேணும், படுக்கப்போறதுக்கு முன்னாடிகூட ஏதாவது வாயில போடணும். கல்லீரல் நல்லாயிருக்கு. அதைத் தூக்கிட்டு நடக்கத்தான் ஆளில்லை. இப்படியே விட்டா சாதாரணக் காய்ச்சல் ஒண்ணு போதும், உங்களைக் கொண்டுபோயிடும்.”

“நடக்கறேன் டாக்டர்.”

“நடக்க முடியாதே! இருக்கறதை வச்சு நடந்தா இருக்கறதும் கரையும். கொஞ்சம் சதை ஏறினதுக்கு அப்புறம்தான் உங்க சொந்த நடை. அதுவரைக்கும் உங்களுக்காக வேற ஒருத்தர் நடக்கணும்.”

எனக்குக் காது கேட்பதிலும் கோளாறோ என்று நினைத்தேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

“சதை வேலை செய்யும்போது சும்மா இருக்காது சார். ரத்தம் வழியா செய்தி அனுப்பும். இங்க வேலை நடக்குது, சதை கட்டுன்னு சொல்லும். உங்க தொடைக்கு அதைச் சொல்லத் தெம்பில்லை. அதனால நடக்கறவங்க கையில புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கருவி வைப்போம். அவங்க நடக்கும்போது அவங்க உடம்பு என்ன சொல்லுதோ, அது படிக்கும். உங்க இடுப்புல ஒரு பம்ப். அது அதே செய்தியை மருந்தாத் தயாரிச்சு உங்க ரத்தத்துல விடும்.”

“அந்த மருந்தை நீங்களே ஊசியாப் போட்டுடலாமே?”

“போட்டுப் பார்த்தோம். உடம்பு ஏமாறலை. ஒரே அளவா ஊத்தினா கண்டுக்கவே மாட்டேங்குது. உயிரோட இருக்கற ஒருத்தரோட ஏத்த இறக்கம் வேணும் அதுக்கு.”

துணைநடை என்று அந்தச் சிகிச்சைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். யார் நடப்பது என்பதில் அங்கேயே ஒரு தகராறு. என் அக்கா பூங்கோதை இரண்டு தெரு தள்ளி இருப்பவள். என் விஷயத்தில் முதல் உரிமை தனக்கு என்பது அவள் கட்சி.

“கூடப்பிறந்தவ நான் இருக்கேன்ல? என் ரத்தந்தானே அவனுக்கு ஒத்துக்கும்?” என்றாள்.

“உங்க முட்டி ஒத்துக்கணுமே அக்கா” என்றார் டாக்டர். அக்காவின் முட்டி அவள் நாற்காலியை விட்டு எழுந்தபோதே அறை முழுக்கக் கேட்டிருந்தது.

ஆக, ஹேமா. டாக்டர் அவளுடைய எடையைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். “அம்மா நல்லா சாப்பிடுவாங்களா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் நல்லா சாப்பிடுவா டாக்டர்” என்றேன் நான். ஹேமா தலையாட்டினாள்.

கருவிகள் கொஞ்சம்தான், காத்திருப்பவர்கள் ஏராளம். சித்திரையில் ஒரு பரீட்சை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். முழுக்க முடியாவிட்டாலும் தொடையாவது தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் கருவியைக் கழற்றி வரிசையில் அடுத்து நிற்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் நான் அந்தச் சாதாரணக் காய்ச்சலுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

தை மாதம் முழுக்க எல்லாம் நன்றாக நடந்தது. பம்ப் மருந்து விடும்போது இடுப்பில் மெல்ல ஒரு ரீங்காரம் கேட்கும். அதை வைத்தே அவள் எங்கே என்ன செய்கிறாள் என்று எனக்குப் பழகிவிட்டது. பாலத்தில் நடக்கும்போது சீரான ரீங்காரம். பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் படபடவென்று. ஒருநாள் நடுப்பகலில் விடாமல் முனகியது. வந்ததும், “மலைக்கோட்டை ஏறினியா?” என்றேன். “ஐயையோ, இனிமே உங்களுக்குத் தெரியாம ஒரு மூச்சு விட முடியாது போலிருக்கே” என்று சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுடைய பகல்பொழுதைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்தது அப்போதுதான்.

தொடையில் கை வைத்தால் ஏதோ கொஞ்சம் தட்டுப்பட ஆரம்பித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நானே குளியலறைக்குப் போனேன். அக்கா திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

மாசிக் கடைசி ஞாயிறு சமயபுரத்தில் அம்மனுக்குப் பூச்சொரிதல் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அது வந்துவிட்டால் தெருவே மஞ்சள் நிறமாகிவிடும். ஹேமாவும் மஞ்சள் புடவைக்கு மாறினாள், கையில் காப்புக் கட்டிக்கொண்டாள். அடுப்பில் முட்டை ஏற்றக்கூடாது என்பதால் எனக்கான முட்டைகளை அக்கா தன் வீட்டில் அவித்து டப்பாவில் கொண்டுவந்தாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. சுண்டல், தயிர், பயறு எல்லாம் நேரத்துக்கு வந்தன.

ஆனால் அந்த வாரத்திலிருந்தே தொடை இளைக்கத் தொடங்கியது.

முதலில் என் பிரமை என்று நினைத்தேன். அடுத்த வாரம் குளியலறைக்குப் போக மறுபடியும் ஆள் தேவைப்பட்டது. நான் பழைய லைன் இன்ஸ்பெக்டர். அனுப்புகிற கரண்டுக்கும் வந்து சேர்கிற கரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் நடுவில் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பம்பைத் தட்டிப் பார்த்தேன், குழாயை ஆராய்ந்தேன். ரீங்காரம் நன்றாகவே கேட்டது, முன்னைவிட அதிகமாகவே. அக்கா கொண்டுவரும் முட்டையின் மேல்கூடச் சந்தேகப்பட்டேன். அவள் டப்பாவை டங்கென்று வைத்துவிட்டு, “ஆமாண்டா, நான் முட்டையில சதையை உறிஞ்சிட்டுத்தான் குடுக்கறேன்” என்றாள்.

கடைசியில் எரிச்சல் ஹேமாவின் மேல் திரும்பியது.

“நீ ஒழுங்காத்தான் நடக்கறியா? இல்ல, அங்கங்க நின்னு பேசிட்டு இருக்கியா?” என்று கேட்டுவிட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு, அப்போதுதான் வந்தவள், மறுபடியும் கிளம்பிப் போனாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் நடந்தாள். நான் இளைக்க இளைக்க அவள் நடையைக் கூட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை சமயபுரம்வரை நடந்தே போனாள். இடுப்பில் பம்ப் பகல் முழுக்க முனகிக்கொண்டே இருந்தது. மறுநாள் என்னால் நாற்காலியிலிருந்தே எழ முடியவில்லை.

பங்குனி நடுவில் ஒருநாள் காலை, சுவரைப் பிடித்து நின்றவன் அப்படியே வழுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். வியர்த்துக் கொட்டியது. யாரையாவது கூப்பிடலாம் என்று வாயைத் திறக்கும்போது வாசலில் ஆட்டோ நின்றது. உள்ளே அக்கா, அவள் தோளில் சாய்ந்தபடி ஹேமா. பாலத்தின் முனையில் கண் இருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். பூ விற்கிற பெண் தண்ணீர் தெளித்து, போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள். அக்கா உள்ளே வந்து என்னையும் தரையில் பார்த்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நல்லாத்தான்டா இருக்கு உங்க ரெண்டு பேரோட ஜோடிப் பொருத்தம்” என்று சொல்லிவிட்டு, அதே ஆட்டோவில் எங்கள் இருவரையும் ஏற்றிவிட்டாள்.

டாக்டர் ஷமீமா திரையில் ஹேமாவின் கருவி எழுதியிருந்த கோட்டைக் கொண்டுவந்தார். நடைக்கான இடங்களைத்தான் இத்தனை நாளும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவர் அதை விட்டுவிட்டு, நடைக்கு நடுவில் இருந்த பள்ளங்களைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“இந்தக் கோடு எனக்குத் தெரியும்” என்றார். “இந்தக் கருவியை முதல்ல எங்க மேலயே மாட்டித்தான் சோதிச்சோம். அப்ப எனக்கு ரம்ஜான் மாசம். பகல்ல என் கோடும் இப்படித்தான் விழும். ஆனா நோன்பு திறந்ததும் சடார்னு ஏறிடும். இது ஏறவே இல்லையே. ஏம்மா, நீங்க நோன்பா?”

“விரதம்தான் டாக்டர்” என்றாள் ஹேமா, இதில் என்ன அதிசயம் என்பது போல. “பச்சைப் பட்டினி. மாசிக் கடைசி ஞாயிறுலேருந்து பங்குனிக் கடைசி ஞாயிறு வரைக்கும் ஆத்தாவே சமைச்சது சாப்பிட மாட்டா. நமக்காக அவ பட்டினி. நானும் அவகூட இருக்கேன். துள்ளுமாவு, பானகம், நீர்மோர், ஏதாவது பழம்.”

“அதைச் சாப்பிட்டுட்டா காலையும் சாயந்தரமும் நடந்தீங்க?”

“அவருக்கு இளைக்குதே டாக்டர்.”

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நல்லா சாப்பிடுவாங்கன்னு சொன்னீங்களே சார்?”

நான் பொய் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. மஞ்சள் புடவை என் கண் முன்னால்தான் இருந்தது. காப்பு இருந்தது. முட்டை அக்கா வீட்டிலிருந்து வந்தது. எல்லாம் தெரியும். எங்கள் வீட்டில் பெண்கள் விரதம் இருப்பது கதவு, ஜன்னல் இருப்பது மாதிரி. அதைப் போய்ச் சாப்பிடாமல் இருப்பது என்று யாராவது நினைப்பார்களா? கசிவைத் தேடி லைன் முழுக்கப் போனவன், சப்ளை கிளம்புகிற இடத்தைப் பார்க்கவில்லை.

“அந்தக் கருவி நடையை மட்டும் படிக்கலை சார்” என்றார் டாக்டர். “அந்த உடம்பு சொல்றது அத்தனையும் படிக்குது. இவங்க உடம்பு பதினைஞ்சு நாளா, சோறில்லை, சதையைக் கரைச்சுத் தின்னுன்னு சொல்லிக்கிட்டு இருக்கு. பம்ப் அதையும் அப்படியே உங்களுக்குச் சொல்லியிருக்கு. இவங்க எவ்வளவுக்கு எவ்வளவு நடந்தாங்களோ, அவ்வளவுக்கு அவ்வளவு கெடுதல். ரெண்டு பேருக்குமே.” ஹேமாவின் புடவைக்கு மேலாகவே அவளுடைய புஜத்தை விரலால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். விரல்கள் சுலபமாகச் சந்தித்துக்கொண்டன. “நான் இவரோட தொடையை மட்டும் அளந்துக்கிட்டு இருந்துட்டேன்” என்றார்.

அக்கா தன் விரலாலும் அதே புஜத்தைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள்.

“சரி, விடுங்க” என்றார் டாக்டர். “இன்னிக்கே சாப்பிட ஆரம்பிங்க. சித்திரைக்குள்ள தேத்திடலாம்.”

“இல்ல டாக்டர்” என்றாள் ஹேமா. “காப்புக் கட்டியாச்சு. நடுவுல விட முடியாது. கருவியை வேணும்னா எடுத்துடுங்க.”

எனக்கு வந்தது கோபமா பயமா தெரியவில்லை. “எனக்காகத்தானே விரதம்? நானே சொல்றேன், விட்டுடு” என்றேன்.

“அட, தம்பிக்காகத்தானே? மிச்சத்தை நான் இருக்கேன். எனக்குத்தான் நடக்கற வேலை இல்லையே” என்றாள் அக்கா.

“அவருக்காக இல்ல அண்ணி.”

ஹேமா காப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள். அப்புறம் அதைப் பார்த்தபடியே பேசினாள்.

“வரிசையில காத்திருந்தோமே, அப்ப தினம் வேண்டுவேன். ஆத்தா, சீக்கிரம் இவருக்கு ஒரு கல்லீரல் கெடைக்கணும்னு. தினம். அன்னிக்குப் போன் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறம் அந்த நர்ஸம்மா சின்ன வயசுன்னு சொன்னாங்க. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. கல்லீரல் கெடைக்கணும்னு வேண்டினா, யாராவது சாகணும்னு வேண்டினதாத்தானே அர்த்தம்? அது யாரு பெத்த பிள்ளையோ. நான் வேண்டி வேண்டிக் கேட்டிருக்கேன் அண்ணி. அவ குடுத்துட்டா. நான் ஒரு வேளை சோத்தையாவது விட வேண்டாமா?”

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விபத்துக்கும் வேண்டுதலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருப்பார், அது சரியாகவும் இருந்திருக்கும். அக்கா அவரைக் கையமர்த்தினாள். முட்டி கடகடக்க ஹேமாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இந்தா ஹேமா, நான் சொல்றதைக் கேளு. நீ சொல்றது நெசமோ பொய்யோ, அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா செத்தவங்களுக்காக யாராச்சும் பட்டினி கெடப்பாங்களா? நம்ம வீட்ல அப்பா செத்தப்ப என்ன செஞ்சோம்? படையல்தானே போட்டோம்? அவருக்குப் புடிச்சதெல்லாம் செஞ்சு, இலை போட்டு, கும்பிட்டுட்டு, அப்புறம் நாம உக்காந்து சாப்பிட்டோம். அந்தப் பிள்ளைக்குச் செய்யணும்னா அதைச் செய். ஆத்தாகிட்ட ஒத்துக்கிட்ட பட்டினியில மிச்சம் என்னுது. அவ வருஷா வருஷம் நமக்காகப் பட்டினி இருக்கறதே நாம வயிறாரச் சாப்பிடணும்னுதானே?”

ஹேமா அழுதாள். அடக்கி அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது. டாக்டர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். நான் அவள் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன். நாற்காலியிலிருந்து எட்டவில்லை, எழவும் முடியவில்லை. அவளே பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

போகிற வழியில் கோயிலுக்குப் போய், அம்மன் முன்னால் அக்கா அந்தக் காப்பைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். இதுதான் முறையா என்று எனக்குத் தெரியாது. அக்கா செய்தால் அது முறை. வெளியே வந்ததும் ஓர் ஓட்டலில் ஹேமாவுக்கு இட்லியும் பருப்பு சாம்பாரும் வாங்கினோம். அக்கா நீர்மோரைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். ஹேமா முதல் விள்ளலை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பரிமாறிவிட்டு, பாத்திரத்தைக் கழுவிவிட்டு, அடுப்பைத் துடைத்துவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள். அதனால் அவள் சாப்பிடுவதை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. வேகமாகச் சாப்பிடுகிறாள். யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பது போல.

“மெதுவா சாப்பிடு, யாரும் கூப்பிட மாட்டாங்க” என்றேன்.

அன்றிலிருந்து நான் ஓர் உத்தரவு போட்டேன். அவள் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுவேன். முட்டையை அவளுக்கும் சேர்த்து நானே அவித்தேன், ஸ்டூலில் உட்கார்ந்தபடி. முட்டை வாசனை அடிக்கிறது என்று அக்கா எங்கள் வீட்டு வாசலோடு நின்றுகொண்டு, மூக்கைப் பிடித்தபடி உள்ளே நடப்பதை விசாரித்துவிட்டுப் போனாள். நடை ஒரு வேளை என்று டாக்டர் குறைத்துவிட்டார். பங்குனி முடிவதற்குள் தொடையில் மறுபடியும் கைக்குச் சதை தட்டுப்பட ஆரம்பித்தது.

சித்திரைப் பரீட்சையில் நான் முழுசாகப் பாஸாகவில்லை. எழும்போது ஒரு விரலை ஊன்றிவிட்டேன். ஆனால் தொடை தேறியிருந்தது, டாக்டருக்கு அது போதும். கருவி இன்னும் கொஞ்ச காலம் எங்களிடமே இருக்கலாம் என்றார். ஹேமாவின் புஜத்தையும் அளந்தார். இனிமேல் எந்த ஜோடி வந்தாலும் இரண்டு பேரையும் அளப்பது என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னார்.

கிளம்பும்போது ஹேமாதான் ஆரம்பித்தாள். “வர்ற ஞாயித்துக்கிழமை படையல் போடணும் அண்ணி. ஆனா அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னு தெரியலையே. தெரியாம எதைப் படைக்கறது?”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஏண்டா, உனக்குப் புதுசா எது மேலயாவது ஆசை வருதா? உள்ள இருக்கறது கேக்குமாமே.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அதெல்லாம் சும்மா அக்கா. கல்லீரலுக்கு நாக்கு கிடையாது.”

“நான் யோசிச்சுச் சொல்றேன்” என்றேன் நான்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். நாகப்பட்டினத்தில் இருக்கிற ஹேமாவின் தம்பி அருள்மொழியைக் கூப்பிட்டேன்.

“மாப்ள, உங்க அக்காவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?”

“என்ன மாமா, எங்ககிட்ட கேக்குறீங்க?”

“சொல்லு மாப்ள.”

“சுறாப்புட்டுன்னா உயிரை விடும் மாமா. பால் சுறா வாங்கியாந்தா அன்னிக்கு எங்க யாருக்கும் மிஞ்சாது. பூண்டு நெறைய நசுக்கிப் போடணும், தேங்கா போடக்கூடாது, அம்மாகிட்ட சண்டை புடிக்கும். ஏன் மாமா, உங்க வீட்லதான் மீனே ஏத்த மாட்டீங்களே?”

ஏற்ற மாட்டோம்தான். ஆடு, கோழி உண்டு. மீன் வாடை என் அப்பாவுக்கு ஆகாது. அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. மீன் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

கீழே போய் ஹேமாவிடம், முகத்தை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டு, “ஒரு வாரமா எனக்கு ஒரே நெனப்பா இருக்கு. இந்தச் சுறாப்புட்டுன்னு சொல்வாங்களே, அதைத் திங்கணும்போல இருக்கு. நான் வாயில வச்சதே இல்லை. பூண்டு நெறைய இருக்கணும். தேங்காய் கூடாது” என்றேன்.

அவள் கையில் இருந்த கரண்டி நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அப்படியா கேக்குது?” என்றாள்.

“ஆமா. விடாம கேக்குது.”

ஞாயிற்றுக்கிழமை அவள் விடியற்காலையிலேயே மீன் மார்க்கெட்டுக்கு நடந்தாள். என் இடுப்பில் ரீங்காரம் குஷியாக இருந்தது. சுறாவை மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் வதக்கி, வீட்டில் இதுவரை இல்லாத ஒரு வாசனையைக் கொண்டுவந்துவிட்டாள். யாரிடமும் எதையும் கேட்காமல் கை பாட்டுக்குப் போயிற்று. பட்டினி முடிந்த அக்கா முந்தானையால் மூக்கை மூடியபடி வந்தாள், கொஞ்ச நேரத்தில் முந்தானையை எடுத்துவிட்டாள்.

இலை போடும்போதுதான் சிக்கல் வந்தது. படையலுக்குப் படம் வேண்டும். அந்தப் பிள்ளையின் படத்துக்கு எங்கே போவது?

“படம் எதுக்கு?” என்றாள் அக்கா. “அந்தப் பிள்ளையில மிச்சம் இருக்கறதே இவனுக்குள்ளதான் இருக்கு. டேய், விளக்குக்குப் பக்கத்துல நீ உக்காரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஹேமாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என் முன்னால் தலைவாழை இலை. சோறு, பருப்பு, ரசம், நடுவில் குவியலாகச் சுறாப்புட்டு. ஹேமா சாம்பிராணி போட்டாள், சூடம் காட்டினாள். என் வலப்பக்க விலாவுக்குக் கீழே, தையல் தழும்பு இருக்கிற இடத்துக்கு நேராகக் கும்பிட்டு, உதடு அசைய ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. எனக்குச் சொன்னதும் இல்லை. முன்பின் தெரியாத அந்தப் பிள்ளையை நினைத்து நானும் கண்ணை மூடிக்கொண்டேன், முதல் தடவையாக. இத்தனை மாதம் என் உயிரை நினைத்தே எனக்குப் பொழுது போய்விட்டது.

அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு அந்தப் புட்டு பிடித்ததா என்று கேட்டால், பழகிக்கொள்ளலாம். ஹேமா மூன்று தடவை போட்டுக்கொண்டாள். இலையில் ஒட்டியிருந்ததைக்கூட விரலால் வழித்தாள். வேகமாகச் சாப்பிடவில்லை.

“அந்தப் பிள்ளை எங்க ஊர்ப்பக்கமா இருக்கும் போல” என்றாள், இலையைப் பார்த்தபடி.

“இருக்கும்” என்றேன்.

“தேங்காய் வேணாங்கறதுகூட என் மாதிரியே.”

நான் என் இலையை மடித்துக்கொண்டு எழுந்தேன். சமையலறைப் பக்கம் நாலடி போன பிறகு, பின்னால் அக்கா “ஆத்தா!” என்று கத்தினாள். திரும்பினேன். இரண்டு பேரும் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் இரண்டு கையிலும் இலை இருந்தது. எதையும் ஊன்றாமல்தான் எழுந்திருந்தேன்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஹேமா மட்டும் எழவில்லை. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, இலையில் மிஞ்சியிருந்த ஒரு பூண்டுப் பல்லை எடுத்து வாயில் போட்டாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அதுக்கு என்ன வேணுமாம்?” என்றாள். “கேட்டுச் சொல்லுங்க.”

நான் கையைக் கழுவிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் படியேறினேன்.